கள்ளியும் ஒரு பயிர்தான்

"கள்ளி நடப்போகிறேன்" என்று ஊரில் ஒருவர் சொன்னால், "வேலிக்கா?" என்றுதான் கேட்பார்கள். "இல்லை, பயிராக" என்றால் சிரிப்பார்கள். சிரிப்பிலும் நியாயம் இருக்கிறது. கள்ளி முளைத்த இடம் என்றாலே நமக்கு அது யாரும் வேண்டாமென்று கைவிட்ட இடம். அதைப் போய் யாராவது காசு செலவழித்து நடுவார்களா?

நடுகிறார்கள். பிரேசிலின் வடகிழக்கு மாநிலங்களில் 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் கள்ளி நிற்கிறது. அத்தனையும் மாட்டுக்கும் ஆட்டுக்குமான தீவனம். வரிசை பிடித்து நட்டு, எருப்போட்டு, களையெடுத்து வளர்க்கிறார்கள். துனிசியாவில் சரிந்த மேட்டு நிலங்களில் வரப்புக்கு வரப்பு கள்ளிதான். சிசிலித் தீவில் அது பழத்தோட்டம். மெக்சிகோவில் இளம் மடலின் முள்ளைச் சீவி, நறுக்கி வதக்கிச் சாப்பிடுகிறார்கள். நாம் வெண்டைக்காய் சமைப்பது போல, அங்கே கொழகொழப்பைப் போக்குவதிலேயே சமையல்காரரின் கைப்பக்குவம் தெரியும்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் தீவனக் கள்ளியைப் பற்றியது. வறண்டு, மண் கெட்டுக்கிடக்கும் நிலத்தில் அதை ஏன் பயிராக்குகிறார்கள், அது எப்படி வேலை செய்கிறது, எங்கே கைவிட்டுவிடும் என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் கள்ளி என்றால் இரண்டு வெவ்வேறு குடும்பங்கள். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் ஒரு குடும்பம். ஒடித்தால் வெள்ளையாகப் பால் வடியும், பட்டால் கண் எரியும். சங்கப் பாட்டின் பாலை நிலத்தில் வருகிற கள்ளி இந்த வகைதான். கள்ளிப்பால் என்றதும் நமக்குள் ஓர் அச்சம் எழுகிறதே, அதுவும் இதனால் வந்தது. இரண்டாவது குடும்பம் சப்பாத்திக்கள்ளியுடையது. நாகதாளி என்றும் சொல்வார்கள். இதை ஒடித்தால் பால் வராது, கற்றாழை போன்ற வழுவழுப்பான சாறுதான் வரும். இந்தக் குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகுதான் மெக்சிகோவிலிருந்து உலகம் சுற்றத் தொடங்கியது. மிளகாய் வந்த அதே வழி. மிளகாயை நாம் நம்முடையதாக்கிக்கொண்டோம், கள்ளியை வேலியோடு நிறுத்திவிட்டோம்.

சப்பாத்தி என்ற பெயர் ரொட்டியிலிருந்து வந்ததா, செருப்பைக் குறிக்கும் சப்பாத்து என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்ததா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மடலைக் கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டுமே பொருந்துகிறது.

பயிராக நடுவது இதே குடும்பத்தில் பெரிய மடலுள்ள, முள்ளில்லாத ஓர் இனம். தாவரவியலில் ஒபன்ஷியா ஃபைகஸ் இண்டிகா. நம் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளி அதற்கு முரட்டுப் பங்காளி. அதன் சிவப்புப் பழத்தைத் தரையில் தேய்த்துச் சுணை போக்கி, உள்ளே இருக்கும் நட்சத்திர முள்ளைப் பத்திரமாக எடுத்துவிட்டுத் தின்று, வாயெல்லாம் சிவந்து வீடு திரும்பிய பிள்ளைப் பருவம் பலருக்கும் இருக்கும். முள்ளில்லாத இனத்திலும் பெரிய முள்தான் இல்லையே தவிர, மடலின் புள்ளிகளில் இந்தச் சுணை கொஞ்சம் இருக்கும். வெறுங்கையால் வாரி எடுத்தால் இரண்டு நாளுக்கு விரல் உறுத்தும்.

சரி, வறட்சியில் மற்றதெல்லாம் காயும்போது இது மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? மூச்சுவிடும் நேரத்தில்தான் சூட்சுமம். எல்லாச் செடிக்கும் உணவு தயாரிக்கக் கரியமில வாயு வேண்டும். அதை உள்ளே விடத் தோலில் நுண்துளைகளைத் திறக்க வேண்டும். திறந்தால் வாயு உள்ளே வரும், கூடவே உள்ளே இருக்கிற நீர் ஆவியாகி வெளியே போகும். நெல்லும் கடலையும் பகலில் திறக்கின்றன. ஈரத்துணியை உச்சிவெயிலில் கொடியில் போட்ட கதைதான். கள்ளி பகல் முழுக்கக் கதவைச் சாத்திவைத்து, வெயில் தணிந்து காற்றில் ஈரம் ஏறிய இரவில் திறக்கிறது. அதே துணி, இரவில் காயப் போட்டால் எவ்வளவு காயும்?

ஆனால் இரவில் வெளிச்சம் இல்லையே, சமையல் எப்படி நடக்கும்? நடக்காது. அதனால் வந்த வாயுவை மாலிக் அமிலம் என்ற புளிப்புச் சரக்காக மாற்றி மடலுக்குள் சேமித்துவைக்கிறது. ஆப்பிளில் இருக்கும் புளிப்பும் இதே அமிலந்தான். விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, இரவில் சேர்த்த சரக்கை வெயிலின் துணையோடு சர்க்கரையாக்குகிறது. ஆகவே விடியற்காலையில் மடல் நன்றாகப் புளிக்கும், சாயங்காலம் புளிப்பு இறங்கியிருக்கும். மெக்சிகோவில் சமையலுக்கு மடல் அறுப்பவர்கள் இந்த நேரக் கணக்கைப் பார்த்துத்தான் அறுக்கிறார்கள்.

இந்தப் புளிப்பு விவகாரத்தை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் நம் பக்கத்தில் வேலை பார்த்தவர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர், கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர். அவர் மென்று பார்த்தது ரணகள்ளியின் இலையை. 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்று பிள்ளைகள் புத்தகத்துக்குள் வைத்து வளர்ப்பார்களே, அதே செடி. காலையில் புளிக்கிறது, நடுப்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று அவர் எழுதிய கடிதம் 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வந்தது. ரணகள்ளி பெயரில்தான் கள்ளி, குடும்பம் வேறு. ஆனால் இரவில் மூச்சுவிடும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

இந்தப் பழக்கத்தால் ஒரு கிலோ உலர்பொருளை உண்டாக்கக் கள்ளிக்குத் தேவைப்படும் நீர், சாதாரணப் பயிர்களுக்குத் தேவைப்படுவதில் ஒரு சிறு பங்குதான். வேரும் அதற்கேற்ற வேர். ஆழமாகப் போகாது, பெரும்பாலும் மேல்மண்ணின் ஓரடிக்குள் அகலமாகப் பரவும். சின்னத் தூறல் விழுந்தாலும் சில நாட்களில் புது வேர்களை விட்டு உறிஞ்சிக்கொள்ளும். மண் காய்ந்ததும் அந்த மெல்லிய வேர்களை உதிர்த்துவிடும். ஆட்களைத் தேவைக்கு எடுத்துத் தேவை முடிந்ததும் கணக்கு முடித்து அனுப்பும் கறாரான முதலாளி மாதிரி.

உறிஞ்சிய நீர் போவது மடலுக்கு. மடலில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர். நன்றாக வளர்ந்த ஒரு ஹெக்டேர் கள்ளித்தோட்டம் 180 டன் வரை நீரைத் தேக்கிவைக்கும், அது ஐந்து பெரிய மாடுகளுக்குப் போதும் என்று ஐநாவின் உணவு வேளாண் அமைப்பு சொல்கிறது. கள்ளிப் பயிரைப் புரிந்துகொள்ள இந்த எண் ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். கள்ளியைத் தீவனம் என்று மட்டும் பார்த்தால் அது சுமார் ரகம். வேரூன்றி நிற்கிற தண்ணீர்த் தொட்டி என்று பார்த்தால்தான் அதன் மதிப்பு தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாட்டுக்கு நாளுக்கு 40 கிலோ மடல் நறுக்கிப் போடுகிறோம். அதில் 36 கிலோ தண்ணீர், 4 கிலோதான் காய்ந்த சரக்கு. அந்த 4 கிலோவிலும் புரதம் ரொம்பக் குறைவு, நூற்றுக்கு நான்கு ஆறு என்ற அளவில்தான் இருக்கும். நார்ச்சத்தும் போதாது. சீக்கிரம் செரிக்கிற மாவுச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மட்டும் தாராளம். அந்தச் சுண்ணாம்பிலும் பெரும்பகுதி ஆக்சலேட் என்ற பொருளோடு கட்டுண்டு கிடப்பதால் உடம்பில் முழுதாகச் சேராது. மணிச்சத்தும் உப்புச்சத்தும் குறைவு. இதையே மட்டும் போட்டால் மாடு கழிந்துகொண்டே இருக்கும், இளைத்தும் போகும்.

ஆகவே எங்கும் இதைத் தனியாகப் போடுவதில்லை. வைக்கோலோ சோளத்தட்டையோ கலக்கிறார்கள். நாருக்கு அது. புரதத்துக்குப் புண்ணாக்கு, வேலிமசால், அகத்தி, சூபாபுல் இலை என்று கிடைப்பதைச் சேர்க்கலாம். ஒரு பிடி தாது உப்பும் வேண்டும். இப்படிக் கலந்தால் இரண்டு பக்கமும் லாபம். மொறமொறவென்று காய்ந்து ஆடு முகம் திருப்புகிற தட்டைகூட, நறுக்கிய மடலோடு கலந்தால் வழவழப்பாக இறங்கிவிடும். வறட்சிக் காலத்தில் நம் வீடுகளில் மிஞ்சுவது அந்தத் தட்டைதானே.

செம்மறி ஆட்டுக்கு இது இன்னும் தோதானது. ஓர் ஆடு நாளுக்கு 3 கிலோ மடல் தின்றால் அதிலேயே 2.7 லிட்டர் தண்ணீர் போய்விடுகிறது. துனிசியாவில் செய்த சோதனைகளில் இந்த அளவு கள்ளி தின்ற ஆடுகள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டன. கோடையில் ஊருணி வற்றி, ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட மைல் கணக்கில் மந்தையை ஓட்டிப்போய்த் திரும்புகிறவர்களுக்கு இதன் அருமை புரியும். நடந்த களைப்பிலேயே பாதி ஆடு மெலிந்துவிடுகிறது.

இன்னொரு வசதி, இதற்குப் படப்பு போட வேண்டியதில்லை. அறுத்து, காயவைத்து, கட்டி, மழை படாமல் காக்கும் வேலை எதுவும் கிடையாது. தேவைப்படும் வரை செடியிலேயே நிற்கும். நல்ல வருஷத்தில் தொடாமல் விட்டால் அடுத்த வருஷத்துக்கு இன்னும் கூடுதலாக இருக்கும்.

உண்மையான வறட்சியில் கள்ளி என்ன செய்யும் என்பதற்கு மடகாஸ்கரின் தென்கோடியைப் பார்க்க வேண்டும். ஆண்ட்ரோய் என்று பெயர், முள்ளின் நாடு என்று பொருள் சொல்வார்கள். அங்கே குடியேறிகள் வழியாக வந்த கள்ளி, காலப்போக்கில் மக்களின் வாழ்க்கையோடு பின்னிக்கொண்டது. ஊரைச் சுற்றி அரண், மாட்டுக்கு முள் கருக்கிய மடல், பஞ்ச மாதங்களில் மனிதருக்குப் பழம், தண்ணீருக்கும் அதுவே. பிரெஞ்சுக் காலனி ஆட்சிக்கு அந்த முள்ளரண் ஓர் இடைஞ்சல். 1924இல் கள்ளியைத் தின்னும் செதில்பூச்சி ஒன்றை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். நாலைந்து வருஷத்தில் கள்ளிக்காடு அழுகிச் சரிந்தது. பின்னாலேயே வறட்சி வந்தது. மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன, 1930ஐ ஒட்டிக் கடும் பஞ்சம் விழுந்தது, பிழைப்புத் தேடி ஆட்கள் வடக்கே போனார்கள்.

பிற்பாடு அந்த மக்கள் வேறு கள்ளி இனங்களை மறுபடி நட்டுக்கொண்டார்கள். 2014–15இல் அதே தெற்கில் வறட்சி வந்தபோது, மனிதருக்கு உணவாகவும் கால்நடைக்குத் தீவனமாகவும் நீராகவும் கைகொடுத்தது கள்ளி என்று உணவு வேளாண் அமைப்பு பதிவு செய்திருக்கிறது. ஒரு செடி இருந்த வறட்சி, இல்லாத வறட்சி என்று ஒரே நிலத்தில் இரண்டையும் பார்த்த ஊர் அது.

இனி நிலத்துக்கு வருவோம். இந்தியாவில் சீரழிந்த நிலத்துக்குப் பஞ்சமில்லை. இஸ்ரோவின் அகமதாபாத் மையம் 2021இல் வெளியிட்ட நிலப்படத் தொகுப்பின்படி, 2018–19இல் நாட்டில் 9 கோடியே 78 லட்சம் ஹெக்டேர் இப்படிச் சீரழிந்திருக்கிறது. பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு. இதைச் சொல்லிவிட்டு, "அங்கெல்லாம் கள்ளி நட்டால் போதும்" என்று ஒரே தாவாகத் தாவுகிறவர்களைக் கண்டால் கொஞ்சம் எட்ட நில்லுங்கள். சீரழிந்த நிலம் என்பது ஒரே வகை நிலம் இல்லை.

மேல்மண் அரித்துப்போன சரிவு, சரளை மேடு, கல்லாங்காடு, மணற்பாங்கான செம்மண் – இவை கள்ளிக்கு ஏற்றவை. சுண்ணாம்பு மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். வருஷத்துக்கு 300, 400 மில்லிமீட்டர் மழை போதும், அதற்குக் கீழேயும் உயிரோடு இருக்கும், வளர்த்தி குறையும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் வரப்புப் போட்டு அதன் மேல் வரிசையாக நட்டால், ஓடுகிற மழைநீர் வேகம் குறைந்து நிற்கும், மண் தங்கும், காற்றும் கொஞ்சம் தடுபடும். துனிசியாவிலும் அல்ஜீரியாவிலும் இப்படி நட்டு, வரிசைகளுக்கு நடுவே வாற்கோதுமை விதைக்கிறார்கள். வாற்கோதுமைத் தாளும் கள்ளி மடலும் ஒரே ஆட்டின் தொட்டியில் சேர்கின்றன. அந்த ஏற்பாட்டின் அழகே அதுதான்.

ஆகாதவை மூன்று. முதலாவது, தண்ணீர் தேங்கும் நிலம். கரிசல் தாழ்வில் ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் நீர் நின்றால் வேர் அழுகிவிடும். வறட்சியில் சாகாத செடி ஈரத்தில் செத்துப்போகும். இரண்டாவது, உவர் நிலம். பாலைவனச் செடி உப்பையும் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கள்ளிக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது. கடலோரத்து உப்புப் பொட்டலுக்குக் கள்ளியைப் பரிந்துரைப்பவர் அதை வளர்த்துப் பார்க்காதவராகத்தான் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: இரவு வெப்பம். கள்ளி இரவில் மூச்சுவிடும் செடி, இரவு குளிர்ந்தால்தான் நன்றாக வாங்கும். பகல் 25 டிகிரி, இரவு 15 டிகிரி என்பது அதற்கு மிகவும் பிடித்த அளவு. மெக்சிகோ மேட்டு நிலமும் மத்திய தரைக்கடல் ஓரமும் அப்படிப்பட்டவை. பிரேசிலிலும் தாழ்வான, இரவிலும் புழுங்குகிற இடங்களில் இது சோம்பிப்போகிறது. நம் கோடை இரவுகள் எப்படி என்று நமக்கே தெரியும். அதற்காகத் தமிழ்நாட்டில் வளரவே வளராது என்று அர்த்தமில்லை. மற்ற நாட்டு மகசூல் எண்ணை அப்படியே இங்கே எடுத்துவந்து கணக்குப் போட்டால் ஏமாறுவோம் என்று அர்த்தம்.

மகசூல் என்றதும் ஒரு எச்சரிக்கை. மழையையும் எருவையும் பொறுத்து ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 20 டன்னிலிருந்து 100 டன் வரை பச்சை மடல் என்று படிப்பீர்கள். 100 டன் என்றதும் வாயைப் பிளக்க வேண்டாம். அதில் 90 டன் தண்ணீர்.

நடுவது எளிது. விதை தேவையில்லை, மடலே நாற்று. ஒரு வயதுக்கு மேல் முற்றிய மடலை மூட்டில் சுத்தமாக அறுக்க வேண்டும். அறுத்த கையோடு நட்டால் வெட்டுவாய் வழியாக அழுகல் ஏறிவிடும், ஆகவே இரண்டு முதல் நான்கு வாரம் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும் வரை காத்திருக்க வேண்டும். எந்தப் பயிரின் நாற்றை ஒரு மாதம் வாடவிட்டு நட்டிருக்கிறோம்? பழக்கமில்லாதவர்கள் அவசரப்பட்டுக் கெடுப்பது இங்கேதான். பிறகு வெட்டுவாய் கீழே இருக்க, பாதி மடல் மண்ணுக்குள் போகும்படி நிறுத்தி நட வேண்டும். அகலமான முகங்கள் கிழக்கும் மேற்கும் பார்க்கட்டும், காலை வெயிலும் மாலை வெயிலும் முழுதாக விழும். அடைமழைக்குள் நடக்கூடாது. லேசான ஈரம் போதும்.

வரிசைக்கு வரிசை 2 மீட்டர், செடிக்குச் செடி 1 மீட்டர் என்றால் ஹெக்டேருக்கு 5,000 மடல், ஏக்கருக்கு 2,000. பிரேசிலில் எருவைத் தாராளமாகப் போட்டு இதைவிடப் பல மடங்கு நெருக்கியும் நடுகிறார்கள். எரு போட்டால் கள்ளி எகிறி வளரும், போடாவிட்டால் உயிரோடு நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் பெரிய வித்தியாசம். முதல் இரண்டு வருஷம் களையெடுக்கவும் வேண்டும், ஏனென்றால் வேர் மேலாக ஓடுவதால் புல் அதன் ஈரத்தை எளிதாகத் திருடிவிடும். இரண்டாம் வருஷக் கடைசியிலோ மூன்றாம் வருஷத்திலோ அறுக்கத் தொடங்கலாம். தாய் மடலையும் அதன் மேல் வந்த முதல் அடுக்கையும் விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் அறுத்தால் மறுபடி துளிர்க்கும். மூட்டோடு ஒட்ட அறுத்தவர்கள் அடுத்த வருஷம் ஒரு மடலுக்காகக் காத்துக்கிடப்பார்கள்.

அப்புறம், வேலி. கள்ளிக்கே வேலியா என்று சிரிக்கலாம். ஆனால் முள்ளை எடுத்துவிட்டால் கள்ளி வெறும் கீரை. ஆடு, மாடு, முயல், காட்டுப்பன்றி எல்லாம் தேடி வரும். அமெரிக்காவில் லூதர் பர்பேங்க் என்ற புகழ்பெற்ற பயிர் வளர்ப்பாளர் 1907இல் முள்ளில்லாக் கள்ளியைப் பெரிய விளம்பரத்தோடு விற்பனைக்கு விட்டார். பாலைவனமெல்லாம் மேய்ச்சல் நிலமாகப் போகிறது என்று பேச்சு. மடல்கள் கொள்ளை விலைக்குப் போயின. சில வருஷங்களில் எல்லாம் அடங்கிவிட்டது. வேலியும் நீரும் கவனிப்பும் இல்லாத வெட்டவெளியில் அது நிற்கவில்லை. முள் என்பது அந்தச் செடி தானே போட்டுக்கொண்ட வேலி. அதை எடுத்துவிட்டால் அந்தச் செலவு நம் தலையில் விழும். திறந்த மேய்ச்சல் உள்ள புறம்போக்கில் முள்ளில்லாக் கள்ளி நடச் சொல்கிறவர்களிடம் நான் கேட்க விரும்பும் ஒரே கேள்வி: முதல் இரண்டு வருஷம் ஆட்டைப் பிடித்துவைப்பது யார்?

முள் உள்ள இனத்தையே நட்டுவிடலாமே என்றால், அந்தக் கதையும் நமக்குத் தெரிந்ததுதான். சீமைக்கருவேலத்தை வறண்ட நிலத்துக்கு வந்த வரம் என்று சொல்லித்தான் பரப்பினார்கள். கள்ளியும் அதே வேலையை ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1920களில் அது சுமார் 2 கோடியே 40 லட்சம் ஹெக்டேரை மூடியது. குடியானவர்கள் நிலத்தை விட்டுவிட்டே போனார்கள். அர்ஜென்டினாவிலிருந்து 1925இல் ஓர் அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டு, அதன் புழுக்கள் தின்று தீர்த்தபிறகுதான் நிலம் மீண்டது. குயின்ஸ்லாந்தில் அந்தப் பூச்சியின் பெயரில் ஒரு நினைவு மண்டபமே இருக்கிறது.

நம் பக்கத்துக் கதை இன்னும் பழையது. 1780களின் கடைசியில் மதராசின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித்தோட்டம் போட்டார். கள்ளிக்காக அல்ல, கள்ளியில் வளரும் கோச்சினீல் என்ற செதில்பூச்சிக்காக. அந்தப் பூச்சியை நசுக்கினால் ரத்தச் சிவப்பில் சாயம் வரும். அன்றைக்கு ஸ்பானியர்கள் பொன்னைப் போலக் காத்துவைத்திருந்த சரக்கு. அதை இந்தியாவில் உண்டாக்கிவிட வேண்டும் என்று கம்பெனிக்கு ஆசை. 1795இல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்குப் பூச்சி வந்து சேர்ந்தது, ஆனால் வந்தது அசல் அல்ல, அதன் மட்டமான உறவுக்காரன். சாயம் தேறவில்லை. அந்தப் பூச்சி கள்ளியைத் தின்பதில் மட்டும் கெட்டிக்காரன் என்று பின்னால் தெரிந்தது. 1830களில் தென்னிந்தியாவுக்கும் பிறகு இலங்கைக்கும் அதைக் கள்ளியொழிப்புக்கென்றே கொண்டுவந்தார்கள். அது ஒரு கள்ளி இனத்தை ஒழித்தது. மிஞ்சிய முரட்டுச் சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க, இன்னொரு செதில்பூச்சி இனம் 1924இல் இலங்கைக்கும் அங்கிருந்து 1926இல் இந்தியாவுக்கும் வந்தது. சில வருஷங்களில் தென் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கள்ளிக்காடு அழுகி விழுந்தது. இன்று வேலியோரத்தில் அங்கங்கே பார்ப்பது அதில் தப்பிய மிச்சம்.

அந்த 1926ஆம் ஆண்டுப் பூச்சி இனத்தைத்தான் இன்று கள்ளி விவசாயிகள் கனவில்கூடப் பார்க்க விரும்புவதில்லை. பிரேசிலில் 2000ஐ ஒட்டி அது பரவி, பரைபா மாநிலத்தில் மட்டும் சுமார் ஒரு லட்சம் ஹெக்டேர் தீவனக் கள்ளியை அழித்தது. தாங்கி நிற்கும் வேறு ரகங்களைத் தேடி மறுபடி நட வேண்டியிருந்தது. மொராக்கோவில் 2014இல் முதன்முதலில் தென்பட்டது. சில வருஷங்களில் ஊர் ஊராகக் கள்ளியை வெட்டிப் புதைத்தார்கள். இப்போது அங்கே தாங்கும் ரகங்களை நட்டுவருகிறார்கள். இங்கே விருந்தாளியாக வரவேற்ற பூச்சி அங்கே கொள்ளைக்காரன். ஒரே பூச்சி இனத்துக்குள்ளும் இந்தக் கள்ளியை விரும்புவது, அந்தக் கள்ளியை விரும்புவது என்று வகைகள் உண்டு. அதனால் நம்மிடம் இருப்பது முள்ளில்லாக் கள்ளியைக் கட்டாயம் தின்றுவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தோட்டம் போடுமுன் நினைவில் வைக்க வேண்டிய விஷயம்.

இந்தியாவில் இப்போது என்ன நடக்கிறது? ஜான்சியில் உள்ள புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம், ஜோத்பூரின் வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம், மத்தியப் பிரதேசத்தின் அம்லாகாவில் இக்கார்டா என்ற பன்னாட்டு வறள்நில வேளாண் அமைப்பு ஆகியவை வெளிநாட்டு ரகங்களைக் கொண்டுவந்து சோதிக்கின்றன. மத்திய அரசின் நிலவளத் துறை தன் நீர்ப்பிடிப்புத் திட்டங்களில் முள்ளில்லாக் கள்ளியைச் சேர்க்க மாநிலங்களை ஊக்குவிக்கிறது. கள்ளியிலிருந்து சாண எரிவாயு போல வாயு எடுப்பது, மெக்சிகோவில் 2019இல் வந்த தோல் போன்ற கள்ளித்துணி, பழவிதை எண்ணெய் என்று செய்திகள் வரும். எல்லாம் நடப்பவைதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் பக்கத்தில் ஒரு ஆலையும் வாங்குகிற ஆளும் வேண்டும். பத்து வெள்ளாடும் இரண்டு மாடும் வைத்திருக்கிற குடும்பத்துக்கு அவை வெறும் செய்தி. தொட்டியில் நறுக்கிப் போடும் மடலுக்கு மட்டும் யாரிடமும் விலை பேச வேண்டியதில்லை.

நட்டுப் பார்க்க ஆசை வந்திருந்தால் ஏக்கர் கணக்கில் இறங்காதீர்கள். தொழுவத்துக்குப் பக்கத்தில், ஆடு எட்டாத இடத்தில், தண்ணீர் நிற்காத மேட்டில் இருபது முப்பது மடலை ஊன்றுங்கள். இரண்டு கோடையும் இரண்டு மழையும் தாண்டட்டும். உங்கள் ஊர் இரவு அதற்குப் பிடிக்கிறதா, உங்கள் ஆட்டுக்கு அதைப் பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். மடலை வாங்கும்போது இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் ஒன்றை விரலால் நசுக்குங்கள். விரல் சிவந்தால், அது ஆண்டர்சன் தேடிய சிவப்பின் உறவு. மடலை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.